வராமலிருக்கும் உரிமை



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் விடுமுறைப் பயணம். பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, ‘இந்த முறை எங்கே?’ என்பதுதான். முன்பெல்லாம் அதற்கு விடை எளிது. பத்துமலை, கேமரன் மலை, பினாங்கு. வசதி இருந்தால் தமிழ்நாடு. இப்போது விடைகள் பெருகிவிட்டன. புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம் வாருங்கள் என்கிறது ஒரு விளம்பரம். யானையோடு ஆற்றில் குளிக்கலாம் என்கிறது இன்னொன்று. திமிங்கிலச் சுறாவோடு நீந்தலாம், குரங்குக்குக் கையாலேயே பழம் கொடுக்கலாம், கருடனுக்கு இரை வீசலாம் என்று வரிசையாக அழைக்கிறார்கள். எல்லாவற்றின் மீதும் ‘இயற்கைச் சுற்றுலா’ என்ற ஒரே முத்திரை. இவற்றில் எது அந்த உயிருக்கு நன்மை, எது தீமை? ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பணப்பையையும் பிடித்துக்கொண்டு நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் நிற்கும் தகப்பனுக்கு, அதைத் தீர்மானிக்க ஓர் அளவுகோல் வேண்டாமா?

வேண்டும். அந்த அளவுகோலை ஒரு கேள்வியாகவே உங்கள் முன் வைக்கிறேன். நாம் பார்க்கப் போன அந்த உயிர், அன்றைக்கு வராமல் இருந்திருக்க முடியுமா? இவ்வளவுதான் கேள்வி. வராமல் இருந்திருக்க முடியும் என்றால், அது வந்தது அதன் விருப்பம். நாம் பார்த்தது நம் நல்வாய்ப்பு. முடியாது என்றால், அதை வரவழைத்தது எது என்று அடுத்துக் கேட்க வேண்டும். சங்கிலியா, கூண்டா, பசியா, துரத்தலா? ‘கட்டாயம் காட்டுவோம்’ என்று யார் வாக்குக் கொடுத்தாலும், அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு உரிய விலையை ஏதோ ஓர் உயிர் எங்கோ செலுத்திக்கொண்டிருக்கிறது. இதுதான் என் வாதம். இதற்குச் சான்றும் தருகிறேன். இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுக்கு விடையும் சொல்கிறேன்.

நம் கண் போதாதா, கொடுமை நடந்தால் பார்த்தவுடன் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரிவதில்லை. 2015இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 வகையான விலங்குச் சுற்றுலா இடங்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கே விலங்குகள் நடத்தப்படும் விதத்தையும், போய்வந்தவர்கள் டிரிப்அட்வைசர் தளத்தில் எழுதிய கருத்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். விலங்குகள் வதைபடும் இடங்களைப் பற்றியும் பெரும்பாலோர் மகிழ்ச்சியாகவே எழுதியிருந்தார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? இல்லவே இல்லை. விலங்குகளை நேசித்ததால்தான் பணம் செலவழித்து அங்கே போனார்கள். புலி அசையாமல் படுத்திருந்தால் அதைச் சாந்தம் என்று எண்ணினார்கள். யானை ஓயாமல் தலையை ஆட்டினால் அதை ஆனந்தம் என்று எண்ணினார்கள். ஒரே இடத்தில் கட்டுண்டு நின்று மனம் நொந்த யானைதான் அப்படி ஓயாமல் ஆடும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, காட்டு விலங்கைத் தொட வைக்கும் இடங்களுக்கு இனி நுழைவுச்சீட்டு விற்பதில்லை என்று அந்தத் தளமே அறிவிக்க வேண்டியதாயிற்று.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த மடம் ‘புலிக் கோயில்’ என்று உலகப் புகழ் பெற்றிருந்தது. புலியின் தலையை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளப் பல நாட்டவரும் வரிசையில் நின்றார்கள். 2016இல் அதிகாரிகள் உள்ளே நுழைந்து 147 புலிகளைக் கைப்பற்றினார்கள். உறைபெட்டிக்குள் நாற்பது குட்டிகளின் உடல்கள் கிடந்தன. மீட்கப்பட்ட புலிகளிலும் 86 புலிகள் 2019க்குள் இறந்துவிட்டன. நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே குட்டி போட வைத்ததால் அவற்றுக்கு நோயைத் தாங்கும் வலு இல்லாமற்போனது என்றார்கள். அந்தப் புலி வராமல் இருந்திருக்க முடியுமா? முடியாது. இந்த இடத்தில் விடை சொல்ல ஆய்வாளர் யாரும் தேவையில்லை. அடுத்தவற்றில்தான் நாம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால் அங்கே கூண்டு கண்ணுக்குத் தெரியாது.

பிலிப்பைன்சின் செபு தீவில் ஓஸ்லோப் என்ற கடலோர ஊர் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய மீன் திமிங்கிலச் சுறா. 2011 வாக்கில் அவ்வூர் மீனவர்கள் அதற்குத் தினமும் காலையில் கூனி இறால் போட்டுப் படகருகே வரவழைக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே போனால் சுறாவைப் பார்க்காமல் திரும்புவது அரிது. அங்கே வலை இல்லை, தொட்டி இல்லை, திறந்த கடல்தான் இருக்கிறது. பின் என்ன குறை? கடல்களைக் கடந்து திரிய வேண்டிய மீன், பிச்சைக்கு நிற்பதுபோல் படகோரத்தில் வாயைத் திறந்துகொண்டு செங்குத்தாக நிற்கிறது. சில சுறாக்கள் மாதக்கணக்கில் அவ்விடத்தை விட்டு நகர்வதில்லை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படகு என்றால் உணவு என்று பழகிய மீன், சுழலும் விசிறியின் அருகிலும் அஞ்சாமல் செல்கிறது. உடலில் வடு ஏறுகிறது. அதே நாட்டில் டோன்சோல் என்ற இன்னோர் ஊரும் உண்டு. அங்கே தீனி போடுவதில்லை. சுறா தானாக வரும் பருவத்தில் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சில ஆண்டுகள் சுறாக்கள் குறைவாகவே வந்தன. அந்த ஆண்டுகளில் ஊரின் வருமானமும் குறைந்தது. வராமலிருக்கும் உரிமையை ஒப்புக்கொள்வதற்கு விலை இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. டோன்சோல் அந்த விலையைக் கொடுத்தது. அதனாலேயே அவ்வூர் என் மதிப்புக்கு உரியது.

வெளிநாட்டுக் கதை போதும், நம் நாட்டுக் கதைக்கு வருவோம். திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதுகில் நீளவாட்டில் ஓடும் வரிகளால் நட்சத்திரப் பழத்தின் பெயரை மலாய் மொழியில் பெற்ற ‘பெஞ்யு பெலிம்பிங்’, அந்தத் தோல்முதுகுப் பேராமை, முட்டையிட வந்த கரை அது. 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அங்கே இருந்தன. இந்த நூற்றாண்டில் அது பத்துக்கும் கீழே இறங்கியது. இப்போது அந்த ஆமை மலேசியக் கரையில் இல்லை என்றே சொல்லிவிடலாம். முதற்காரணம் முட்டைகளைத் தோண்டி விற்றது. அடுத்தது மீன்வலைகளில் சிக்கி மாண்டது. சுற்றுலாக்காரர்கள்தான் அதை அழித்தார்கள் என்று சொன்னால் அது உண்மை ஆகாது. ஆனால் அந்தக் கரையில் சுற்றுலாக்காரர்கள் செய்தது என்ன? நூற்றுக்கணக்கில் கூடினார்கள், விளக்கடித்தார்கள், தீ மூட்டி ஆடினார்கள், முட்டையிட வந்த தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கரையேறும் ஆமை கலவரப்பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். வயிற்றில் சுமையோடு வந்த தாய், அந்தச் சுமையை இறக்க இடமில்லாமல் இருட்டில் திரும்பிப் போனாள். அவள் வராமல் இருந்திருக்க முடியுமா? முடியாது, அன்பர்களே. பிரசவ வலி அவளை இழுத்து வந்தது. வந்தே ஆக வேண்டிய வேளையில் வருகிற உயிரின் முன்னால், விலகி நிற்கும் கடமை நமக்கு இருமடங்கு ஆகிறது.

இந்த ‘வந்தே ஆக வேண்டிய வேளை’யை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்லவர்களும் படித்தவர்களும் தவறுவது இங்கேதான். இங்கே ஜொகூரில், கோத்தா திங்கிக்கு அப்பால் பந்தி வனம் இருக்கிறது. பறவை பார்ப்போருக்கு அது ஒரு பெயர்பெற்ற இடம். சிங்கப்பூரிலிருந்தும் விடியலுக்கு முன்பே புறப்பட்டு வருகிறார்கள். இந்நாட்டில் பத்து வகை இருவாச்சிகள் உண்டு. இருவாச்சி குடும்பம் நடத்தும் விதம் உங்களுக்குத் தெரியுமா? பெட்டை ஒரு முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலும் மண்ணாலும் வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். முட்டை, அடைகாப்பு, குஞ்சு வளர்ப்பு எல்லாம் அந்தச் சிறைக்குள்தான். சில மாதங்களுக்கு அவளுக்கும் குஞ்சுக்கும் சோறு அந்த ஆண் பறவை கொண்டுவருவதுதான். இப்போது அந்த மரத்தடியில் இருபது பேர் முக்காலியும் கேமராவும் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் எறியவில்லை, கூச்சலிடவில்லை. ஆனாலும் ஆண் பறவை மனித நடமாட்டம் கண்டு தொலைவிலேயே சுற்றுகிறது. அதன் வாயில் பழம், உள்ளே பசி, நடுவில் நாம். இன்னும் சிலர் கைப்பேசியில் பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வேறு பறவைகளை வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நம்பி அந்தப் பறவை இரை தேடுவதை விட்டு ஓடி வருகிறது. அது நம்மைப் பார்க்க வரவில்லை, ஏமாந்து வந்தது. இலங்கையின் யால காட்டிலும் இதே கதைதான். ஒரு சிறுத்தை கண்ணில் பட்டதாக ஓர் ஓட்டுநர் கைப்பேசியில் சொன்னவுடன் எல்லா ஜீப்புகளும் அந்த ஒரு வளைவில் குவிகின்றன. சிறுத்தைக்குப் பாதையைக் கடக்க இடமில்லை.

அப்படியானால் உறுதியாகக் காணக்கூடிய எதுவுமே நல்லதாக இருக்க முடியாதா என்று கேட்பீர்கள். நல்லதும் உண்டு. அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே ஜொகூர் ஆற்றுக்குப் போனால் போதும். கோத்தா திங்கி ஆற்றோரங்களில் மின்மினிகள் இருக்கின்றன. கோலா சிலாங்கூருக்கு அருகில் கம்போங் குவாந்தானிலும் இருக்கின்றன. பெரெம்பாங் மரங்களின் இலைகளில் ஆண் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து, ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, ஒளிர்ந்து அணையும். மழையில்லாத இருண்ட இரவானால் அவற்றைப் பெரும்பாலும் பார்த்துவிடலாம். இந்த உறுதி எங்கிருந்து வருகிறது? எவரும் அவற்றைப் பிடித்து அந்த மரத்தில் கட்டவில்லை, தீனி போடவில்லை. ஈரமான ஆற்றங்கரை மண்ணில் முட்டையிலிருந்து வெளிவந்த புழு, சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்ந்து, சிறகு முளைத்த பிறகு கிடைக்கும் சில வாரங்களில் துணை தேட அந்த மரத்துக்கு வருகிறது. கரை கெடாமல் இருக்கிறது, நத்தை இருக்கிறது, மரம் இருக்கிறது, இருட்டு இருக்கிறது. அதனால் மின்மினி இருக்கிறது. வீடு நன்றாக இருந்தால் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். இது நாம் உண்டாக்கிய உறுதி இல்லை, இடம் தருகிற உறுதி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி.

ஆனால் அந்த மரத்தின் அருகில் போய் ஒருவர் கேமரா விளக்கை மின்னவிட்டால் என்ன ஆகும்? ஆணின் ஒளி பெண்ணுக்கான அழைப்பு. அந்த அழைப்பின் மேல் நாம் ஆயிரம் மடங்கு வெளிச்சத்தைக் கொட்டுகிறோம். சில வாரமே வாழும் உயிருக்கு ஓர் இரவு வீணாவது சிறிய இழப்பா? கம்போங் குவாந்தானில் ஊர்க்காரர்கள் இயந்திரம் இல்லாத சம்பான் படகில் துடுப்புப் போட்டுக் கூட்டிச் செல்கிறார்கள், விளக்கடிக்க விடுவதில்லை. அதைக் கட்டுப்பாடு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. என் கருத்தில் நாம் வாங்கும் சீட்டின் மதிப்பே அந்த இருட்டில்தான் இருக்கிறது. 2010இல் சிலாங்கூரில் கூடிய பன்னாட்டு மின்மினி அறிஞர்கள் மின்மினிப் பாதுகாப்புக்கு ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். சிலாங்கூரின் பெயர் தாங்கிய அந்தப் பிரகடனம் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. உலகுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம்; நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறோமா?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நம் தமிழ் உள்ளத்திலிருந்தே வருவது, அதனால் அதை மிகுந்த மரியாதையோடு அணுகுகிறேன். வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் சோறு கொடுப்பது புண்ணியம் இல்லையா? சீவகாருண்யம் நம் மரபு இல்லையா? பத்துமலைப் படிகளில் குரங்குக்கு வாழைப்பழமும் தேங்காய்ச் சில்லும் கொடுப்பதில் என்ன பாவம்? லங்காவியில் படகிலிருந்து கோழித்தோலை வீசினால் செம்பருந்து கூட்டமாக இறங்குகிறது. நம் பெருமாளின் கருடன் அல்லவா அது, கண்ணாரக் கண்டால் தவறா? அன்பர்களே, கொடுக்கும் கையின் அன்பில் எனக்கு ஐயம் இல்லை. வாங்கும் உயிருக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். காட்டில் இலையும் காயும் பூச்சியும் நண்டும் தேடித் தின்ன வேண்டிய குரங்கு, பை வைத்திருப்பவரைத் தேடத் தொடங்குகிறது. கொடுக்காதவரிடம் பறிக்கிறது, பிள்ளையைக் கடிக்கிறது. அடுத்து என்ன? புகார் போகிறது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்கு வரும் புகார்களில் குரங்குப் புகார்தான் முன்னிற்கிறது. அந்தப் புகார்களின் பேரில் இந்நாட்டில் ஆயிரக்கணக்கான குரங்குகள் கொல்லப்பட்டிருக்கின்றன. எங்கும் இருப்பதாக நாம் நினைக்கும் இந்த நீண்டவால் குரங்கு, 2022இல் அழியும் நிலையில் உள்ள இனமாக உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் ஏறிவிட்டது. முதல் வாழைப்பழத்துக்கும் கடைசித் துப்பாக்கிக் குண்டுக்கும் இடையே ஒரே கோடுதான் ஓடுகிறது. அந்தக் கோட்டின் ஒரு முனையைப் பிடித்திருப்பவர் புண்ணியம் தேடிய பக்தர். செம்பருந்தும் தானே வேட்டையாடி மீனும் நண்டும் உண்ண வேண்டிய பறவை. கோழித்தோலை நம்பி வாழ்வது அதற்குச் சோறாகுமா?

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல விடை இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவ்வூர் மக்கள் பறவைக்குச் சோறு போடுவதில்லை. பறவைக்காகத் தீபாவளிப் பட்டாசைக் கைவிட்டார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்களும் அப்படியே. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மேல் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, ஏரியைக் காக்க எழுத்து மூலம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்களுடைய வயலுக்கு உரமானது. அன்பு என்பது கொடுப்பதில் மட்டும் இல்லை, விட்டுக்கொடுப்பதிலும் இருக்கிறது என்று அந்த விவசாயிகள் அறிந்திருந்தார்கள். தீபாவளி இரவில் ஒரு சிறுவன் மத்தாப்புக்கூடக் கொளுத்தாமல் இருப்பது இலேசான தியாகமா?

இரண்டாம் மறுப்பு வயிற்றைப் பற்றியது. ஏழை ஊருக்கு வருமானம் வேண்டாமா, ஓஸ்லோப் மீனவனின் பிள்ளை படிக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி; வயிறு நிறைந்தவர்கள் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ருவாண்டா நாட்டைப் பாருங்கள். அங்கே மலைக் கொரில்லாவைப் பார்க்க 2017 முதல் ஒருவருக்கு 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம். சளி, இருமல் இருந்தால் அனுமதி இல்லை. மனிதனின் சளி கொரில்லாவைக் கொல்லும். சுற்றுலா வருமானத்தில் பத்து விழுக்காடு பூங்காவைச் சுற்றியுள்ள மக்களுக்குப் போகிறது. விருங்கா மலைகளில் 1981இல் சுமார் 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. 2018இல் உலகில் உள்ள மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. அவற்றின் ஆபத்து நிலையும் ஒரு படி இறக்கப்பட்டது. இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கொரில்லாக்கள் பல ஆண்டுகளாக மனித முகத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்டவை. என் அளவுகோலில் அவற்றுக்கு முழு உரிமை இல்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டோம், இருபத்துமூன்று மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அது ஓர் உடன்பாடு. வேட்டைக்காரனின் கண்ணியும் மேய்ச்சலுக்காக அழிந்த காடும் எதிரே நின்றபோது, அந்த உடன்பாடு தேவையாக இருந்தது. அதற்கு எல்லை வகுத்ததால்தான் அது நிலைத்தது. எல்லை இல்லாவிட்டால் எட்டுப் பேர் எண்பது ஆவார்கள், எண்பது எண்ணூறு ஆவார்கள்.

அத்தனை டாலருக்கு நாம் எங்கே போவது என்கிறீர்களா? போக வேண்டாம். கேரள எல்லையில் பெரியாறு காட்டில், ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்களே இன்று காவலும் வழிகாட்டலும் செய்து பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். அந்த அறிவுக்குத்தான் கூலி. யானையை இழுத்து வந்து நிறுத்துவதற்கு இல்லை. நம் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலில், கம்போங் பேத்தாவில், ஜக்கூன் பூர்வகுடி மக்கள் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். மூலிகை இலையை முகர்ந்து சொல்வார்கள், சேற்றில் பதிந்த குளம்பைப் பார்த்து எப்போது போனது என்று சொல்வார்கள். காணாத விலங்கைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேச வல்லவர்களுக்கு நாம் கொடுக்கும் ரிங்கிட், காட்டைக் காக்கும் ரிங்கிட்.

மூன்றாம் மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது, அதுவே எனக்குக் கடினமானது. இவ்வளவு தொல்லை என்றால் மனிதன் போகாமலே இருந்துவிடலாமே? காட்டைக் காட்டுக்கே விட்டுவிடலாமே? இந்தியாவில் 2012இல் உச்ச நீதிமன்றமே புலிக்காடுகளின் நடுப்பகுதிகளில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில மாதங்களில், விதிமுறைகள் வகுக்கப்பட்ட பிறகு, அதை விலக்கிக்கொண்டது. நம் எண்டாவ் ரொம்பின் என்ன சொல்கிறது? 1977இல் அந்தக் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, மறு ஆண்டு வெட்டு நின்றது. ஆனாலும் பேர் தெரியாத காட்டுக்காக எத்தனை நாள் மக்கள் குரல் கொடுப்பார்கள்? 1985–86இல் மலாயா இயற்கைச் சங்கம் அந்தக் காட்டுக்குள் ஒரு பெரும் ஆய்வுப் பயணத்தை நடத்தியது. அறிஞர்களோடு தொண்டர்களும் பொதுமக்களும் மாறி மாறி உள்ளே போனார்கள். எண்டாவ் ஆற்றின் பெயரைத் தாங்கிய விசிறிப் பனை முதல் பூச்சி, மீன், பாறை வரை எழுதி வைத்தார்கள். 1993இல் ஜொகூர் பகுதி, ஏறத்தாழ 49,000 ஹெக்டேர், தேசியப் பூங்கா ஆனது. மனிதர்கள் போனதால் காப்பாற்றப்பட்ட காடு அது. போனவர்கள் எப்படிப் போனார்கள்? தெரிந்துகொள்ளப் போனார்கள். விலங்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

அந்தப் பயணத்தின் காலத்தில் அங்கே காண்டாமிருகத்தின் தடம் இருந்தது, அவையோரே. சுமத்ரா காண்டாமிருகம்; ஆசியக் காடுகளில் மிகக் கூச்சம் நிறைந்த பெருவிலங்கு. இன்று மலேசியக் காடுகளில் அது இல்லை என்று 2015இல் அறிஞர்கள் அறிவித்துவிட்டார்கள். சபாவில் பராமரிப்பில் இருந்த கடைசிப் பெண் காண்டாமிருகம் இமான் 2019 நவம்பரில் இறந்தது. அந்த இனத்தை இந்நாட்டில் அழித்தது சுற்றுலா இல்லை. வேட்டைக்காரனின் கண்ணியும் காடழிப்பும். பார்ப்பார் இல்லாத காட்டில் கண்ணி வைப்பவன் துணிந்து நடமாடுவான். வழிகாட்டியும் படகோட்டியும் பறவை பார்ப்பவரும் நடமாடும் பாதையில் அவனுக்கு அச்சம் இருக்கும். நாடு முழுவதும் சேர்த்து இன்று 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே காட்டில் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் மூன்று முதன்மைப் புகலிடங்களில் ஒன்று நம் எண்டாவ் ரொம்பின். ஆகவே போகத்தான் வேண்டும். புலியைப் பார்ப்போம் என்ற எண்ணத்தோடு போக வேண்டாம். நாம் பார்க்காத புலி அங்கே பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் போக வேண்டும்.

மூத்தவர்களால் காட்டில் நடக்க முடியாதே, குழந்தைகளுக்குப் பொறுமை இல்லையே என்ற குறையும் எனக்குத் தெரியும். பொந்தியான் பக்கம் ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய் இருக்கிறது. அருகில் கூக்கூப் தீவு, சுங்கை பூலாய். மூன்றும் 2003 சனவரியில் ஒரே நாளில் ராம்சார் ஈரநிலங்களாக உலகப் பட்டியலில் சேர்ந்தவை. தஞ்சோங் பியாயில் சதுப்புக் காட்டின் மேலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். கீழே சேற்றில் துள்ளும் மீன் தன் எல்லைக்காகச் சண்டை போடும். நண்டு ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி அசைக்கும். ஒரு குழந்தையின் கண்ணுக்கு இது சிறிய காட்சியா? நாம் புலி, யானை என்று பெரியதையே தேடுவதால்தான் பெரியதைக் கட்டி இழுத்துவர ஆள் கிளம்புகிறான். சிறியதைப் பார்க்கப் பழகிய பிள்ளை எந்த ஊர்ச் சாக்கடை ஓரத்திலும் ஏமாற்றம் அடைவதில்லை.

எனவே அடுத்த விடுமுறைக்கு இடம் பதிவு செய்யும்போது, படகுக்காரரிடமோ வழிகாட்டியிடமோ ஒன்றைக் கேளுங்கள்: ‘அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை என்றால்?’ ‘அந்தக் கவலையே வேண்டாம், கட்டாயம் வரும், தொட்டே பார்க்கலாம்’ என்று சொல்பவரை விட்டு விலகுங்கள். ‘சொல்ல முடியாதுங்க, போன வாரம் வந்தவர்களுக்கு ஒன்றும் தென்படவில்லை’ என்பவரிடம் முன்பணம் கொடுங்கள். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இரவு நேரமானால் காரை மெதுவாக ஓட்டுங்கள். யானையும் தாபீரும் கடக்கும் சாலை அது. யானை நின்றால் படம் எடுக்க இறங்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எண்டாவ் ரொம்பின் வருகையாளர்களுக்கு மூடப்படுகிறது. காஹாங்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லும் செம்மண் பாதை சேறாகிறது, ஆறு கரையை மூடுகிறது, படகுகள் கட்டிக் கிடக்கின்றன. மழை ஓய்ந்து மீண்டும் திறக்கும்போது முதலில் போகிறவர்கள் ஆற்றோர மணல் திட்டில் குனிந்து பார்த்தால், ஈரம் காயாத தடங்கள் தெரியும். யானையின் தடம், தாபீரின் தடம், காட்டுப்பன்றியின் தடம். தடத்துக்கு உரியவை அதற்குள் அக்கரைக் காட்டுக்குள் போயிருக்கும்.